கூலி என்ற சொல்லோடு நன்னிலம் வரை

போன புரட்டாசியில் இந்தப் பயணம் போனது எனக்காக அல்ல, லோகிக்காக. முழுப்பெயர் லோகாம்பாள். துபாயில் என்னோடு வேலை பார்க்கிறாள், பிறந்தது தென்னாப்பிரிக்காவில். தமிழ் தெரியாது. அவளுடைய முன்னோர்களில் ஒருவரான மாரியாயி, கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர். வெள்ளைக்காரர் காலத்தில் அவர் கப்பலேறியபோது எழுதிய பதிவின் நகல் லோகியிடம் இருந்தது; அதில் நன்னிலம் வட்டம் என்பது தெளிவாக இருந்தது. ஊர்ப்பெயரை மட்டும் யாரோ காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தார்கள்.

தஞ்சாவூரில் காலை ஆறரைக்கு வாடகைக் கார் எடுத்தோம். கும்பகோணம் வழியாக எழுபது கிலோமீட்டர் சொச்சம்; போக வர 3,500 ரூபாய். ஓட்டுநர் யூசுப் பாய் அந்தப் பெயரை விதவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது மாதிரி மூணு ஊரு இருக்குங்க. மூணுக்கும் போயிடுவோம்" என்றார்.

இரண்டு ஊர்களில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மூன்றாவது ஊருக்குப் போனபோது மணி பதினொன்று. வாய்க்காலோரம் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க வரப்பில் ஏறிய ஓர் அம்மா, யாரைத் தேடுகிறோம் என்று விசாரித்தார். சொன்னேன்.

"எதுக்குக் கப்பலேறுனாங்களாம்?"

"கூலிக்குத்தான்."

லோகியின் முகம் சுருங்கிவிட்டது. அவ்வளவு பேச்சில் அவளுக்குப் புரிந்த ஒரே சொல் அது. அவள் ஊரில் அது வசவு. கடைத்தெருவில் அவள் அப்பாவை ஒருவன் அப்படிக் கூப்பிட்டதைச் சிறுமியாகப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். "நீயுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

பதறிப்போனேன். தமிழில் அதற்கு வேலைக்குத் தரும் சம்பளம் என்றுதான் பொருள், இங்கிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போனது என்று பலர் சொல்கிறார்கள், குஜராத்தின் கோலி மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு என்றெல்லாம் திணறித் திணறிச் சொன்னேன். சம்பளத்தின் பெயரை ஆளுக்கே வைத்துவிட்டார்கள் என்றேன்.

என்ன விஷயம் என்று அந்த அம்மா கேட்டார். சொன்னதும், "இதுல என்னங்க கேவலம்? நானும் கூலிக்குத்தான் வந்திருக்கேன். மூணு மணிக்கு வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன். பாவம், அவங்கதான் வீடு திரும்பல" என்றார்.

அதை மொழிபெயர்த்தபோது லோகி வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். அந்த அம்மா வாய்க்காலில் கை கழுவிவிட்டு வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அதுதான் மாரியாயியின் ஊரா என்று இன்றுவரை தெரியாது. இப்படித் தேடிப் போகிறவர்கள் இரண்டு நாளாவது ஒதுக்குங்கள். பதிவின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். அந்தப் பக்கத்து ஓட்டுநரையே பிடியுங்கள்.

நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மா, "போயிட்டு வாம்மா" என்றார். அதற்கு என்ன பொருள் என்று லோகி காரில் கேட்டாள். போய்விட்டுத் திரும்பி வா என்றேன்.

"மாரியாயியிடமும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள், இல்லையா?"