பீரோவில் இல்லாத சேலை

அண்ணன் மனைவிதான் அந்தச் சேலையை எடுத்தாள் என்று முழுதாக ஒரு வருஷம் நம்பினேன். சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால் வேதாகமத்தின் மேல் கை வைத்தே செய்திருப்பேன்.

அது அம்மாவின் கல்யாணச் சேலை. வெள்ளைப் பட்டு, விரற்கடை அகலத்துக்குச் சரிகைக் கரை. எங்கள் சபைப் பெண்கள் பலரைப் போல அம்மாவும் அதைத் தன் அடக்கத்துக்கென்று வைத்திருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை நிழலில் உலர்த்தி, வசம்புத் துண்டு ஒன்றையும் சேர்த்துப் பழைய வேட்டித் துணியில் சுற்றி பீரோவில் வைப்பாள். "இதைக் கெட்டித்தான் என்னைப் பெட்டியில வைக்கணும். வேற எதையாச்சும் சுத்தி அனுப்புனிய, எந்திரிச்சு வந்துருவேன்" என்பாள்.

அம்மா யாரையும் லேசில் நம்பமாட்டாள். எண்ணெய்ப் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைப்பாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்ட நான் பால்கோவா வாங்கிப் போனால், விரலால் நசுக்கி, மோந்து பார்த்து, "மைதா சேத்துருக்கான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்பாள். தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம் என்பார்கள். என் வீட்டு எண்ணெய்ப் பாட்டிலிலும் கோடு உண்டு.

அவள் ராஜபாளையத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். வாதம் வந்து பேச்சு நின்றுபோன கடைசி இரண்டு நாளும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். அசைய முடிந்த ஒரு கையால் தலைமாட்டைத் தட்டிக்கொண்டே இருந்தாள். தலைவலி என்று நினைத்து நானும் மதினியும் மாற்றி மாற்றித் தைலம் தேய்த்தோம். எங்கள் கையை விலக்கிவிட்டு மறுபடியும் தட்டினாள்.

இறந்த அன்று காலையில் பீரோவைத் திறந்தால் சேலை இல்லை. டிரங்குப் பெட்டி, பரண் எல்லாம் தேடியாயிற்று. "நான் பாக்கலையே" என்றாள் மதினி. நான் கேட்டு முடிக்குமுன் பதில் வந்துவிட்டதாக எனக்குப் பட்டது. அம்மா படுத்த நாளிலிருந்து பீரோச் சாவி அவளிடம்தான் இருந்தது. வேறு என்ன நினைக்க?

அண்ணன் கடைத்தெருவில் அவசரமாக வாங்கிவந்த சேலையைக் கட்டினோம். சவப்பெட்டியோடு வந்த தலையணைக்குள் மரத்தூள் நறநறத்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு அம்மாவின் தலையணையையே நான் உள்ளே வைத்தேன். தலையணை மாறினால் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. அதன் வாயைச் சிவப்பு நூலால் நெருக்கி நெருக்கித் தைத்திருந்தாள். பஞ்சைக்கூடத் திருடுவார்கள் என்று பயந்திருக்கிறாளே என்று அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அதன் பிறகு மதினி எங்கே திரும்பினாலும் என் கண் பின்னாலேயே போனது. வத்திராயிருப்பில் ஒரு கல்யாணத்துக்கு வெள்ளைச் சேலை கட்டி வந்தாள். "நல்லாருக்கே மதினி" என்று முந்தானையைத் தொட்டுக் கரையைப் புரட்டிப் பார்த்தேன். கரை அகலமாக இருந்தது. அப்படியானால் வெட்டி ஜாக்கெட் தைத்திருப்பாள் என்று அடுத்த முறை போனபோது கொடியில் காய்ந்ததையெல்லாம் ஆராய்ந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். என் கண்ணுக்கு வெளுத்ததெல்லாம் அம்மா சேலை.

மதினியும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று முடிவு கட்டினேன். முன்பெல்லாம் போனால் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவேன். அந்த வருஷம் காபியைக் குடித்த கையோடு பஸ் ஏறிவிடுவேன். பஸ்ஸில் அம்மாவை நினைத்தால் அவள் முகத்துக்கு முன்னால் சேலை வந்து நிற்கும். மதினி மேல் எனக்கிருந்த பெரிய கோபமே அதுதான். என் அம்மாவுக்காக என்னை ஒழுங்காக அழக்கூட விடவில்லையே என்ற கோபம்.

துக்க வருஷம் என்பதால் அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் சுடவில்லை. அதனால் அம்மாவின் கட்டிலுக்கடியில் கிடந்த பெரிய அண்டாவை யாரும் தொடவில்லை. வருஷ நினைவு ஜெபத்துக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு ஆக்க வேண்டுமே என்று முந்தின நாள் மத்தியானம் நானும் மதினியும் அதை வெளியே இழுத்தோம். மூடியைச் சுற்றி நாடாவால் மூன்று முடிச்சு. சந்தேகமில்லாமல் அம்மா போட்ட முடிச்சு. அவிழ்த்து மூடியைத் தூக்கியதும் ஃபேன் காற்றில் பஞ்சு பறந்தது. பாதி அண்டாவுக்கு இலவம் பஞ்சு.

மதினி உள்ளே கையை விட்டுத் துழாவினாள். பழைய வேட்டித் துணி வந்தது. அதன் மடிப்பில் வசம்பு இருந்தது. அடியில் ஒரு சிவப்பு நூல்கண்டு, ஊசி குத்தியபடி.

அம்மா தன் தலையணையிலிருந்து பஞ்சை உருவிவிட்டு, சேலையை உள்ளே வைத்துத் தைத்து, அதன் மேலேயே தலை வைத்துப் படுத்திருக்கிறாள். அதைத்தான் நான் என் கையால் பெட்டிக்குள் வைத்தேன். தூக்கும்போது கனமாக இருந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"தைலத்தப் போட்டுல்ல தேச்சோம், மதினி" என்றேன். தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அழுகை அடங்கியதும், "நீங்கதான் எடுத்தியன்னு நெனச்சேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

மதினி முகத்தில் ஒட்டிய பஞ்சைத் துடைத்தாள்.

"ஏட்டி, நான் நீதான்னுல்ல நெனச்சேன். நீ ஊருக்குக் கெளம்புறப்பல்லாம் ஒம் பையத்தான் பாப்பேன்" என்றாள். "அவிய நம்ம ரெண்டு பேரையுமே நம்பல, பாத்தியா." சொல்லிக்கொண்டே அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு பஞ்சையெல்லாம் கூட்டி ஒரு பழைய தலையணை உறையில் அடைத்தாள். அந்தச் சிவப்பு நூலாலேயே வாயைத் தைத்தாள்.

"நீ கொண்டு போ. ஒங்கம்மா தலை வச்ச பஞ்சு" என்றாள்.

"இங்கனயே இருக்கட்டும் மதினி. நான் ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்" என்றேன்.