மேஸ்திரிக்கு வைத்த தண்ணீர்ச் சட்டி

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன். பூனையைக் கோழி என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றியவள் நான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை மட்டும் உண்மையைச் சொன்னேன்...

மூடி போட்ட பிரம்புக்கூடை. உள்ளே ஈரக் கோணி. கையை விட்டால் பூனையின் வயிறு கல் மாதிரி, கொதிக்கக் கொதிக்க இருக்கும். அந்தச் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

சுனாமி வந்துபோன மறு வருஷம். மரக்காணத்து உப்பளத்தில் நாங்கள் நாலு பெண்கள் உப்பு சுமந்துகொண்டிருந்தோம். உப்புக் கொட்டகையில் ஒரு கிழட்டுக் கடுவன் பூனை. வலது காது பாதிதான். நாங்கள் கூடை தூக்கினால் அது வரப்பு மேலே வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கும். ஒரு வேலையும் செய்யாது, எல்லாரையும் முறைக்கும். அதனால் மேஸ்திரி என்று பேர் வைத்தேன். நிஜ மேஸ்திரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் வேலை நன்றாக நடந்தது.

என் வீட்டுக்காரர் மெட்ராஸுக்குக் கட்டட வேலைக்குப் போய், வருவார் வருவார் என்று நான் பார்த்திருந்த காலம் அது. மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்தால் பக்கத்தில் வந்து உட்கார எனக்கு அந்தப் பூனை ஒருத்தன்தான்.

ஒருநாள் மணல் ஓரத்தில் குந்துகிறான், எழுகிறான், மறுபடி குந்துகிறான். ஒரு சொட்டு வரவில்லை. ஒரே கத்தல்.

"மலச்சிக்கல்டி. வெளக்கெண்ண ஊத்து, சரியாப்பூடும்" என்றாள் சரசக்கா. எங்களில் மூத்தவள்.

"இல்லக்கா, ஒண்ணுக்கு அடைச்சிருக்குது. மூஞ்சப் பாத்தா தெரியல?" என்றேன்.

அந்த முகம் எங்கள் நாலு பேருக்குமே தெரியும். அளத்தில் ஒரு செடி கிடையாது, ஒரு சுவர் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைப் பாத்தி, சுற்றிலும் ஆம்பளைகள். விடியுமுன் வீட்டில் ஒண்ணுக்குப் போனால், அப்புறம் வீடு திரும்பித்தான். அதனால் வேலை முடிகிறவரை தண்ணீர் குடிக்க மாட்டோம், நாக்கை நனைப்பதோடு சரி. எரியும். சில நாள் ரத்தமாக வரும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இடையஞ்சாவடிப் பக்கம் நாய் பூனைக்குப் பார்க்கிற டாக்டரம்மா இருக்கிறார் என்று ஒரு லாரி டிரைவர் சொன்னார். கூடையோடு பஸ் ஏறினேன்.

"கூடைல என்னாம்மா?" என்றார் கண்டக்டர்.

"கோழிங்க."

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி ஒரு கத்து கத்தினான்.

"ஏம்மா, கோழி இப்படியா கத்தும்?"

"ஒடம்பு சரியில்லிங்க. அதான் டாக்டராண்ட போறேன்."

பஸ்ஸே சிரித்தது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மெல்லிசாக ஒரு டியூப் விட்டார். சிவப்பாக, மணல் மணலாக வந்தது.

"ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிக்குது?"

"எங்க பாட்டில்ல மிஞ்சினத ஊத்துவோம்மா."

"நீங்க எவ்ளோ குடிப்பீங்க?"

நான் கூடை மூடியைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

கருவாடு கொடுக்காதே, தண்ணீர் நிறைய வை, வயசாகிவிட்டது, திரும்பவும் வரும், வந்தால் அன்றைக்கே தூக்கி வா என்றார். திரும்புகிற பஸ்ஸில் மடியிலேயே பெய்துவிட்டான். புடவையெல்லாம் நாற்றம். சந்தோஷத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

மறுநாளே கொட்டகை வாசலில் ஒரு மண்சட்டி வைத்தோம். ஆளுக்கொரு பாட்டில் அவனுக்கென்று தனியாகக் கொண்டுவருவோம். நாங்கள் பழையபடி நாக்கை நனைத்துக்கொண்டோம்.

நாலு மாசத்தில் மறுபடி வந்தது. மறுபடி கோழி, மறுபடி டியூப்.

"தண்ணி வெக்கிறீங்கல்ல?"

"தளும்பத் தளும்ப வெக்கிறோம்மா" என்றேன் பெருமையாக.

அடுத்த வருஷம் சித்திரை வெயிலில் மூன்றாவது தடவை. அன்றைக்கு லோடு ஏற்றுகிற நாள். "நாளைக்குப் போயேன், பூனதான?" என்றார் நிஜ மேஸ்திரி. நானும் சரி என்றேன். நான் சரி என்று சொன்னதை வேறு யார் மேலும் போட முடியாது.

மறுநாள் காலையில் மூட்டைகளுக்கு நடுவே கிடந்தான். தூக்கினால் கத்தக்கூட இல்லை. வாயை நனைக்கலாமென்று சட்டித் தண்ணீரைக் கையில் அள்ளினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். என்னவோ தோன்றி என் நாக்கில் வைத்துப் பார்த்தேன்...

கடல் தண்ணீர் தோற்றது.

கொட்டகை வாசலில்தான் நாள் முழுக்க உப்பு கொட்டுவோம். பறக்கிற தூளெல்லாம் சட்டியில். நாங்களோ பழைய தண்ணீரைக் கொட்டாமல் அதன்மேலேயே தினமும் புதுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம். நிறைந்திருக்கிறதா என்று பார்த்தோமே தவிர, குறைகிறதா என்று பார்க்கவில்லை. ஒருத்தியும் ஒரு வாய் குடித்துப் பார்க்கவில்லை. குடிக்கிற பழக்கம்தான் எங்களுக்கு இல்லையே.

பஸ்ஸில் பாதி வழியில் கூடைக்குள் கையை விட்டேன். அந்தச் சூடு இல்லை.

அதே கண்டக்டர். "என்னாம்மா, இன்னிக்கு கோழி சத்தத்தையே காணோம்?"

"கோழி இல்லிங்க. பூனை."

மூடியைத் தூக்கிப் பார்த்தார். விசிலடித்து பஸ்ஸை நிறுத்தினார். இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று பஸ் பிடித்து அளத்துக்கே திரும்பி வந்தேன்.

"அளத்துலயே பொதச்சிடலாமாக்கா?"

"வேணாண்டி, கருவாடாயிடுவான். டாக்டரம்மாதான் கருவாடே கூடாதுன்னாங்களே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொன்ன சரசக்காவுக்கு வரவில்லை. அந்தப் பக்கம் போய் மூக்கைச் சிந்தினாள். ரோட்டோரப் பனையடியில் புதைத்தோம்.

இப்போது அளத்தில் தகரக் கதவு போட்ட கக்கூஸ் ஒன்று இருக்கிறது. புதுசாக வருகிற பெண்கள் பாட்டில் பாட்டிலாகக் குடிக்கிறார்கள்... பார்க்கவே நன்றாக இருக்கிறது. சரசக்கா இதைப் பார்க்கவில்லை. கிட்னி போய், அவளும் போய்விட்டாள். கொட்டகையில் இப்போது வேறொரு பூனை. அதன் சட்டித் தண்ணீரைத் தினமும் காலையில் முதலில் நான் ஒரு வாய் குடிக்கிறேன். கேலி செய்கிறவர்கள் செய்யட்டும்.

எனக்கும் கிட்னியில் கல் இருக்கிறதாம். போன மாசம் ஸ்கேனுக்கு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஆயுசு முழுக்க அடக்கியவளுக்கு இது பெரிய வேலையா என்று வீட்டிலேயே மூன்று சொம்பு குடித்தேன். வழிக்கு ஒரு பாட்டிலும் வாங்கிக்கொண்டேன். நடுவில் ரோடு வேலை. பஸ் முக்கால் மணி நேரம் நின்றது.

சீட் நனைந்தது. பாட்டில் ஒழுகிவிட்டது என்று கண்டக்டரிடம் சொன்னேன். அவர் என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். சீல் உடைக்கவில்லை.