நல்ல கால் எது?

வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் அவன். எல்லோருக்கும் 'பிசியோ தம்பி'. கை பக்குவமானது, பேச்சு இதமானது. எழுதச் சொன்னால் மட்டும் மகா சோம்பேறி. அதற்குத் தோதாகப் போனில் ஒரு குறிப்புச் செயலி கிடைத்தது. பயிற்சித் தாளை ஒருமுறை எழுதி, வலது, இடது என்று வரவேண்டிய இடங்களில் 'நல்ல கால்', 'ஆபரேஷன் கால்' என்று மாறிகளை, அதாவது ஆளுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் சொற்களைப் போட்டுவிட்டான். எது எந்தக் கால் என்று ஓரிடத்தில் சொன்னால் போதும். தாள் முழுக்க, ஏற்கெனவே அனுப்பிய தாள்களிலும்கூட, அதுவே நிரப்பிக்கொள்ளும். ஆளுக்குத் தனித்தனி மாறிகள் வைத்துக்கொள்ளவும் வழி இருந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

சலவைக்கடை அம்மாவுக்கு வலது முட்டியில் ஆபரேஷன். கடைக்கு மேலேயே வீடு. தினமும் போனில் தாளைத் திறந்து, "ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில்" என்று வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் படியில் கால் வைப்பார்.

அந்த வாரம் ஒரு பஸ் டிரைவர் வந்து சேர்ந்தார். அவருக்கு இடது முட்டி. பிசியோ தம்பி மாறிகளை மாற்றி, தாளை டிரைவருக்கு அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போனான்.

மறுநாள் காலை சலவைக்கடை அம்மாவின் மகன் போன் செய்தார். "அம்மா படியில விழுந்துட்டாங்க. உடனே வாங்க."

கிளம்பியவன் பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டிச் செயலியைத் திறந்தான். அம்மாவின் தாளிலும் கால்கள் இடம் மாறியிருந்தன. அங்கேயே நின்று டிரைவருக்குத் தனி மாறிகள் போட்டான்; அம்மாவின் தாளைப் பழையபடி ஆக்கினான். அதன் பிறகுதான் வண்டியை எடுத்தான்.

நல்லவேளை, எலும்பு முறியவில்லை. முட்டி மட்டும் பந்தாக வீங்கியிருந்தது.

"ஏறும்போது வலது காலை முதல்ல வைன்னுதான்ப்பா போன்ல இருந்துச்சு" என்றார் அம்மா.

மகன் போனை வாங்கிப் பார்த்தார். "இதோ, ஏறும்போது இடதுன்னு தெளிவா போட்டிருக்கேம்மா! இதைக்கூடப் படிக்கத் தெரியலையா?"

அம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. "எனக்குத்தான் புத்தி தடுமாறிடுச்சு போல" என்றார்.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். பிசியோ தம்பி ஐஸ் ஒத்தடம் வைக்கச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டான். விழவைத்தது கவனக்குறைவு. ஆனால் அவசர அவசரமாகத் திருத்தி அந்த அம்மாவின் ஒரே சாட்சியை அழித்தது? அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த முறை போனபோது அம்மாவின் இடது கணுக்காலில் ஒரு சிவப்பு நூல். "எது இடதுன்னு மறந்துடக் கூடாதுல்ல" என்று சிரிக்கப் பார்த்தார். கல்லாச் சாவி கீழே கடையிலிருந்த மகனின் இடுப்புக்குப் போயிருந்தது. "கணக்குலயும் தப்பு வந்துடும்னு சாவியை வாங்கிக்கிட்டான். அவன் சொல்றதும் சரிதானே?"

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து, மாறியை மாற்றியது, வழியில் நின்று திருத்தியது, எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது என எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அம்மா கணுக்கால் நூலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அப்ப, நான் படிச்சது சரிதானா?" என்றார்.

"சரிதாம்மா. தப்பு என்னோடது."

"டேய், மேல வாடா!" கடைவரைக்கும் கேட்டிருக்கும். மகன் ஓடிவந்ததும், "என்கிட்ட சொன்னதை இவன்கிட்டயும் சொல்லுங்க தம்பி" என்றார்.

சொன்னான். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை கஷ்டமாக இருந்தது. மகன் சாவியைக் கழற்றி அம்மாவின் மடியில் வைத்தார்.

"கால் வீக்கம் வடிஞ்சிடும், தம்பி" என்றார் அம்மா. "ஆனா இத்தனை நாளா நானே என்னை நம்பலையே! இனிமே நீங்க வர வேண்டாம். வேற ஆள் பார்த்துக்கறேன்." குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

முட்டி தேறி அம்மா கடைக்குத் திரும்பிவிட்டார். பிசியோ தம்பி அந்தத் தெரு வழியாகத்தான் டிரைவர் வீட்டுக்குப் போக வேண்டும். கல்லாவில் அவரைப் பார்த்தால் வண்டியின் வேகம் தானாகக் குறையும். அம்மா மரியாதையாகத் தலையசைப்பார். அவனும் தலையசைப்பான்; நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க மட்டும் இன்னும் முடியவில்லை.