முந்நூறு மகரந்தத் துகள்கள்

பிரதிபாவுக்கு ஆட்டிசம் இருப்பது அவளுடைய பத்தொன்பதாம் வயதில்தான் தெரிந்தது. ரயில்வே வேலைக்காக மைசூர் வந்து அக்ரஹாரத்தில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். தாவரவியல் முதுகலையில் அவள்தான் முதலிடம். ஆனாலும் கடைசி செமஸ்டரில் போன நான்கு இன்டர்வியூவிலும் அவளை வேண்டாம் என்றுவிட்டார்கள். யார் கண்ணையும் பார்த்துப் பேச அவளால் முடியாது. அடுத்தடுத்துக் கேள்வி வந்தால் வாயே திறக்காது.

"எனக்கெல்லாம் வேலை செட் ஆகாதும்மா" என்று அம்மா ராஜலக்ஷ்மியிடம் சொல்லிவிட்டு, ஒரு மாதம் எங்குமே விண்ணப்பிக்கவில்லை. பிறகு, 'மகரந்தம் அடையாளம் காணத் தெரிந்தவர் தேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்து தேனில் கலந்த மகரந்தத்தை வைத்து அது எந்தப் பூவின் தேன் என்று சொல்லும் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு எழுதிப்போட்டாள்.

"உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றார் எங்கள் தலைமை அதிகாரி ரத்தினசாமி.

அவள் விரல்கள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இருந்த மூத்த பரிசோதகரான நான், இது தேறாது என்று பட்டியலில் அவள் பெயரை அடிக்கப் போனேன். அப்போது மேசையைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஸார், எனக்கு ஆட்டிசம். முகம் பாத்துப் பேச வராது. கேள்விய எழுதிக் கொடுங்க. இல்லேன்னா ஒரு ஸ்லைடு கொடுங்க, வேலை செஞ்சு காட்டறேன்."

நடுவில் நிறுத்தாமல் முழுக்கச் சொல்லி முடித்தாள்.

'மாதேஸ்வரன் மலைக் காட்டுத் தேன்' என்று சீட்டு ஒட்டி வந்த பாட்டிலிலிருந்து ஒரு ஸ்லைடு தயாராக இருந்தது. அதைக் கொடுத்தோம். நாற்பது நிமிடம் நுண்ணோக்கியிலிருந்து தலை நிமிரவில்லை. அறைக்குள் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பது அவளை எட்டவே இல்லை.

"முந்நூறு எண்ணிட்டேன். அதுல இருநூத்திப் பன்னெண்டு சூரியகாந்தி. காட்டுத் தேன்ல இவ்ளோ வராது."

"அப்ப, சூரியகாந்தி விளையற குண்டலுபேட்டை வயல் தேனா?" என்றார் ரத்தினசாமி.

"ஊர் பேரெல்லாம் மகரந்தம் சொல்லாது, ஸார். தேன்கூடு சூரியகாந்தி வயல் பக்கத்துல இருந்துருக்கு. அவ்ளோதான் தெரியும்." பிறகு என் பக்கம் நகர்ந்து, "மேடம், இந்த ஒண்ண மட்டும் பாருங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். உடம்பெல்லாம் முள்ளாக, பொன்னிறத்தில் ஒரு சின்னஞ்சிறு உருண்டை. இருபத்திரண்டு வருடமாக இவற்றை எண்ணி எழுதியிருக்கிறேன். ஒன்றைக்கூட நின்று பார்த்ததில்லை. எனக்குச் சிலிர்த்தது.

மதியம் நானே அந்த ஸ்லைடை மறுபடி எண்ணினேன். எனக்கு வந்தது இருநூற்று ஒன்பது; இரண்டு பேர் எண்ணினால் இந்த அளவு வித்தியாசம் வருவது சகஜம்.

"எப்போ சேர்றீங்க?" என்று அதுவரை காத்திருந்தவளிடம் ரத்தினசாமி கேட்டார்.

"இந்த ட்யூப் லைட் இரையுது, மாத்தணும். மத்தியானம் நான் தனியாத்தான் சாப்பிடுவேன். சரின்னா திங்கக்கிழமை வரேன்."

அவர் சிரிக்கவில்லை. இரண்டையும் தாளில் குறித்துக்கொண்டு, எழுந்து நின்று அவளுக்கு வணக்கம் சொன்னார்.