சுவாமி பேர் என்ன?

கல்கத்தா பவானிப்பூரில் குடியிருந்த வைத்தீஸ்வர ஐயருக்குத் தம் மனைவி மேல் பொறாமை. வேறு நல்ல வார்த்தை போட்டு மழுப்பலாம் என்று பார்த்தால் அகப்படவில்லை. காமுவை எவனோ பார்க்கிறான் என்கிற பொறாமை இல்லை. அதையாவது நாலு பேர் புரிந்துகொள்வார்கள். அவளுக்கு ஓட்டு இருந்தது, அவருக்கு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஐயர் கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. சம்பளம் வருமான வரிக்கு எட்டாதது. குடியிருந்த வீடோ மாமனார் தம் பெண்ணுக்கு எழுதி வைத்தது, வீட்டு வரியும் அவள் பேரில்தான். வரி கட்டுகிறவர்களுக்குத்தான் சட்டசபை ஓட்டு என்று சீர்திருத்தச் சட்டம் வந்தபோது, ஐயரிடம் சட்டத்தைப் பற்றிய அபிப்பிராயங்கள் மட்டுமே சொந்தமாக இருந்தன. அவை ஏராளமாக இருந்தன. தமிழர் சங்கத்தில் ஞாயிறுதோறும் இங்கிலீஷில் பொழிந்து தள்ளுவார். பெண்களுக்கு ஓட்டு இல்லை என்று விதி போட்டது மகா அநியாயம், அந்த விதியைத் திருத்தியே ஆகவேண்டும் என்று மேஜையைக் குத்துவார். அவர் மனத்தில் இருந்தவர்கள் பத்திரிகையில் வருகிற பெண்கள். தம் வீட்டிலும் ஒருத்தி இருப்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

வங்காளச் சட்டசபை நிஜமாகவே விதியைத் திருத்திவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் வந்தது. 'காமாட்சி அம்மாள், வைத்தீஸ்வர ஐயரின் மனைவி' என்று அதில் இருந்தது. சட்டசபை விவகாரத்தில் ஐயருக்குக் கிடைத்த இடம் அதுதான்.

ஓட்டுக் கேட்க ஒரு வேட்பாளரே வீடு தேடி வந்தார். ஐயர் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மாகாண சுயாட்சியில் ஆரம்பித்தார். வந்தவர் மரியாதையாகத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மா எங்கே?" என்றார். காமு ஈரக் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். அந்தப் பெரிய மனிதர் எழுந்து கை கூப்பினார். உங்களுக்கென்று மூடின வண்டி அனுப்புகிறேன் மா, அவசியம் வரவேண்டும் என்று வங்காளியில் கெஞ்சினார். ஐயரிடம் சொல்லிக்கொள்ள மறந்தே போனார்.

அன்று ரசத்தில் உப்பு இல்லை என்றார் ஐயர். இருந்தது.

"நான் சொல்றவருக்குத்தான் போடணும், தெரிஞ்சுதா?"

"பாக்கலாம்."

"என்னடி பாக்கலாம்? சட்டசபையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

காமு கரண்டியைக் கீழே வைத்தாள். "நம்ம பொண்ணு விஜயா கல்யாணத்தை நிச்சயம் பண்ணிட்டு வந்துதான் எங்கிட்ட சொன்னேள். மாடியை வாடகைக்கு விட்டதும் அப்படித்தான். அதுவும் எங்கப்பா குடுத்த வீடு. ஒரு விஷயத்துல என் அபிப்பிராயம் என்னன்னு கேக்கறது இதுதான் மொதல் தடவை. நான் போகத்தான் போறேன்."

ஐயருக்கு வயிறு எரிந்தது. ஆபீஸில் சக குமாஸ்தா சுந்தரேசன்தான் அறியாமல் அதில் தண்ணீர் ஊற்றினான். ஆள் மாறாட்டம் நடக்காமல் இருக்க, ஓட்டுச்சாவடியில் பெண்களிடம் புருஷன் பேரைக் கேட்பார்களாம். ஐயர் அன்று வீட்டுக்கு வந்து ரசம் பிரமாதம் என்றார்.

காரணம் இருந்தது. காமு கல்யாணமான நாளாக அவர் பேரைச் சொன்னதில்லை. பேரை மட்டுமா? வைத்தியர் என்ற வார்த்தைகூட அவள் வாயில் வராது, டாக்டர்பாபு என்பாள். குலதெய்வம் இருப்பது வைத்தீஸ்வரன் கோயிலில். அதையும் புள்ளிருக்குவேளூர் என்று பழைய பேரால்தான் சொல்வாள். பேர் கேட்கப் போகிறார்கள் என்று ஐயர் அவளிடம் மூச்சு விடவில்லை.

தேர்தலன்று துணைக்கு வருகிறேன் என்று குடையும் கையுமாக அவரே கிளம்பினார். பெண்கள் ஓட்டுப் போடும் அறைக்குள் ஆண்களை விடவில்லை, வாசற்படியில் நின்றுகொண்டார். காமுவுக்கு முன்னால் ஒரு வங்காளிப் பெண் பேர் சொல்ல மாட்டாமல் முக்காட்டை இழுத்துக்கொண்டு திணறினாள். அவள் மைத்துனன் வெளியிலிருந்து சொல்லிக் காப்பாற்றினான். அடுத்தது காமு.

"ஸ்வாமீர் நாம் கீ, மா?" என்றார் அதிகாரி. வங்காளியில் ஸ்வாமி என்றால் புருஷன்.

காமு வாயைத் திறக்கவில்லை. கூட வந்தவர் யாராவது உண்டா என்று அதிகாரி வாசலை எட்டிப் பார்த்தார். காமுவும் திரும்பிப் பார்த்தாள். ஐயர் குடைக் கம்பியில் ஏதோ கோளாறு போல அதை விரித்து மடக்கிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவர் மனசு குதித்தது. காமு அவரை நன்றாகப் பார்த்தாள். பிறகு அதிகாரி பக்கம் திரும்பினாள்.

"வைத்தீஸ்வரன்" என்றாள், கணீரென்று.

அதிகாரி சீட்டைக் கொடுத்தார். ஐயர் கையிலிருந்து குடை நழுவியது. அந்தக் குரலில் தம் பேரை அவர் கேட்டதே இல்லை. கேட்க நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது.

வீட்டுக்குள் கால் வைத்ததும் வெடித்தார். "கட்டின புருஷன் பேரை நாலு பேர் நடுவுல கூசாம சொல்லிட்டியேடி!"

"உங்க பேரையா? நான் எங்கே சொன்னேன்? சுவாமி பேர் என்னன்னு கேட்டார் அந்த பாபு. புள்ளிருக்குவேளூர்ல இருக்கற நம்ம சுவாமி பேரைச் சொன்னேன். அவர் வேற என்னமோ நெனச்சுண்டா நான் என்ன பண்ணட்டும்? உங்களுக்குத்தான் வாயைத் திறக்க மனசில்லையே."

ஐயர் சட்டையைக் கழற்றினார். திரும்பவும் மாட்டிக்கொண்டார். கடைசியில் குரலை இறக்கி, "சரி, யாருக்குப் போட்டே?" என்றார்.

"அந்தப் பேரைத்தான் சொல்லப்படாதாம். சட்டம்."

அப்புறமும் அவர் கேட்பதை விடவில்லை. கோபமாகக் கேட்டார், நயமாகக் கேட்டார், தாமே நாலைந்து பேர்களைச் சொல்லி அவள் முகத்தைப் பார்த்தார். வருஷங்கள் கழித்துக் கடைசிக் காய்ச்சலில் கிடந்தபோதும், பக்கத்தில் கூப்பிட்டு, "இப்பவாவது சொல்லேன், காமு" என்றாராம். காமு கண்ணைத் துடைத்துக்கொண்டு போர்வையை இழுத்து விட்டாளாம்.

"பேசாம படுங்கோ. டாக்டர்பாபு வர்ற நாழியாச்சு."