வாரத்தை ஒரே நாளாக்கிய திட்டம்

மாவட்ட அலுவலகத்திலிருந்து போகும் கருத்துருவுக்கு இரண்டு வாரத்துக்குள் தலைமையகம் பதில் தர வேண்டும் என்பது விதி. பணிக்காலம் முழுவதும் அதை நான் மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன், அது நடந்து பார்த்ததில்லை. எழுபதுகளில் ஒரே ஒரு முறை, எங்கே நடந்துவிடுமோ என்று பயந்தேன்.

அப்போது தருமபுரியில் புள்ளியியல் பிரிவில் இருந்தேன். பாப்பிரெட்டிப்பட்டி வாரச் சந்தையை மூடி அரூர் சந்தையோடு சேர்த்துவிடலாம் என்று மேலிடத்தில் ஒரு யோசனை. சென்னையில் கம்ப்யூட்டர் வந்துவிட்ட காலம் என்பதால், அதில் ஓட்டிப் பார்த்தே முடிவெடுக்கலாம் என்றார்கள். விளைச்சல், வியாபாரி, லாரி, விலை எல்லாவற்றையும் கணக்காக்கி, மாவட்டத்தின் பொருளாதாரத்தை மிஷினுக்குள் நடத்திப் பார்க்க வேண்டும். புரோகிராம் எழுதுவது அவர்கள் பாடு. எதை எழுதுவது என்று திட்டம் போடுவது என் பாடு, கூடவே என் சக அலுவலர் பாடு. அவர் பாப்பிரெட்டிப்பட்டிக்காரர். அவர் வீட்டுத் தக்காளியும் புளியும் அந்தச் சந்தையை நம்பித்தான் விளைந்தன.

நாங்கள் இருவரும் கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டதில்லை. பழைய படிவங்களின் பின்பக்கத்தில் கட்டங்கள் போட்டோம். காலத்தை எப்படி நகர்த்துவது என்ற கேள்வி வந்தபோது யோசிக்கவே இல்லை, வாரம் வாரமாக என்று எழுதினோம். கூலி கொடுப்பது முதல் கோழி வாங்குவது வரை எங்கள் பக்கம் எல்லாம் சந்தைக்குச் சந்தைதான். திட்டம் சென்னைக்குப் போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை ஊரிலிருந்து வந்த சக அலுவலர் உட்காரக்கூட இல்லை.

"சார், அரூர்ல பாத்த புளி வியாபாரியே எங்கூரு சந்தையிலயும் மூட்டை கட்டிட்டிருந்தாருங்க."

கிழமைக்கு ஒரு சந்தையாகப் போகிறவர் வேறெங்கே இருப்பார் என்றேன்.

"நம்ம திட்டத்துல போகமாட்டாருங்க. வாரத்தையே ஒரு நாளாக்கிட்டோம். எல்லாச் சந்தையும் ஒரே நேரத்துல கூடுது. அவரு அரூர்லயே உக்காந்துக்குவாரு, எங்கூருக்கு ஆளே வராது. மிஷினே மூடச் சொல்லிரும். இத எங்க வூட்டுல யாரு சொல்றது, நீங்க வந்து சொல்றீங்களா?"

நான் போகத் தயாராக இல்லை. உடனே திருத்தம் அனுப்ப உட்கார்ந்தோம். ஆனால் திருத்தம் கோரும் கடிதத்தில் முதல் கருத்துருவுக்கு வந்த பதிலின் எண்ணைக் குறிப்பிட வேண்டும். பதில் வராமல் எண் ஏது? டிரங்க் காலில் பிடித்தால், எழுத்து மூலம் தெரிவிக்கச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

வாரத்தை ஏழு நாளாகப் பிரித்து, வியாபாரியை ஊர் ஊராக நடக்கவிட்டு, புதுத் திட்டம் ஒன்றைத் தயாரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். தபால் வரும் நேரத்தில் அவர் தேநீரைத் தொடமாட்டார். பழைய திட்டம் ஓடி முடிந்து, முடிவே வந்துவிட்டால்? ஏன் இன்னும் நினைவூட்டுக் கடிதம் அனுப்பவில்லை என்று மேலாளர் கேட்டார். மேலிடத்தை அவசரப்படுத்துவது மரியாதையல்ல என்றேன். அதுவரை நான் யாருக்கும் அந்த மரியாதையைக் காட்டியதில்லை.

கடைசியில் பதில் வந்தது. மூன்று பிரதிகளில் இரண்டே கிடைத்துள்ளதால் கருத்துரு பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை, புதிதாக அனுப்பவும். மூன்றையும் நானே எண்ணி உறையில் வைத்தவன். அவர் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

"தொலைச்சவரு நல்லா இருக்கணுங்க."

புதுத் திட்டம் அன்றைக்கே நான்கு பிரதிகளாகப் போயிற்று. விதி சொன்ன இரண்டு வாரம் எப்போதோ கடந்திருந்தது.