என் ஒருசந்தியும் மகளின் பட்டினியும்

நான் மண்டைதீவில் கடற்தொழில் செய்பவன். எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல் எங்கள் வள்ளம் கரையிலேயே கிடந்த தவக்காலம் அது. மத்தியானச் சோறு நாலு பேருக்குக் காணாது. பிள்ளைகளாவது வயிறாரச் சாப்பிடட்டும் என்று, "நான் ஒருசந்தி" என்று, ஒருவேளை மட்டும் உண்ணும் நோன்பைச் சாட்டி எழும்பிவிடுவேன். அது நோன்பு அல்ல, பொய்.

பத்து வயதான என் மூத்த மகள் ஒருநாள், "எத்தினை நாளைக்கு அப்பா?" என்று கேட்டாள்.

"வள்ளம் கடலுக்குப் போகுமட்டும் பிள்ளை" என்றேன், யோசிக்காமல்.

அதன்பிறகு அவள் முகம் வெளிறத் தொடங்கியது. செபமாலை சொல்லும்போது சுவரில் சாய்ந்துகொள்வாள். "இவளுக்கு என்னவோ செய்யுதப்பா" என்று மனைவி பயந்தாள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தோம். கன்னம் இன்னும் ஒட்டியது.

ஒரு காலை, கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றவள் சத்தமில்லாமல் முன்னால் சரிந்தாள். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் என் பிள்ளை இன்று இல்லை.

சின்னவள் அழுதுகொண்டு சொன்னாள்: "அக்கா தன்ர சோத்தை ஒளிச்சு எனக்குத்தான் தாறவள். சொன்னால் மண்ணெண்ணெய் வராதாம்."

மயக்கம் தெளிந்த மகள், "நீங்கள் ஒருசந்தி பிடிக்கேக்க நான் சாப்பிட்டால் ஆண்டவர் எங்கட செபத்தைக் கேப்பாரோ அப்பா?" என்றாள்.

"ஆண்டவருக்காக இல்லைப் பிள்ளை. சோறு காணாதெண்டுதான் நான் சாப்பிடேல்லை."

அவள் என்னையே பார்த்தாள். "அப்ப அதைச் சொல்லியே செபிச்சிருக்கலாமே?"

இப்போது சோறு குறைந்தால், பானையைத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். இருப்பதை நாலாகப் பகிர்ந்து, இல்லாததை ஆண்டவரிடம் நால்வருமாகச் சொல்கிறோம்.